வீட்டிற்கு ஒரு நிழல் மரம்

கோடைக் காலத்தில் மாலை நேரத்தில் வீட்டின் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அடுப்பங்கல்லைப் போலச் சுடும். பகலில் அது வாங்கிய வெப்பம், இரவிலும் வீட்டிலுள்ள முதியோரையும் குழந்தைகளையும் உறங்கவிடுவதில்லை. இதற்குச் சிறந்த பரிகாரம் ஒரு நிழல் மரமே. ஆயினும், ஆராயாது நட்ட மரம் நிழலோடு ஆபத்தையும் சேர்த்தே வளர்க்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைந்து வளரும், அழகாகப் பூக்கும் என்று நடப்பட்ட குல்மோகரும் பெருங்கொன்றையும் அவற்றுள் ஏராளம். பூவைப் பார்த்தன்று, வேரைப் பார்த்தே மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த மரம்?

நம் மண்ணுக்கு வேம்பும் புங்கமும் ஏற்றவை. கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்க்கும் புங்கம், கடும் வெயிலுக்கு முன்பே தளிர்த்து அடர்ந்துவிடும். அதன் விதையைக் குழந்தைகள் தின்னாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆலும் அரசும் வீட்டருகே வேண்டா. அவற்றின் வேர்கள் சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் பிளந்துவிடும்.

எந்த இடம்?

வீட்டின் மேற்கு அல்லது தென்மேற்கில், சுவரிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி நடுங்கள். மேலே மின்கம்பி இருக்கலாகாது. அண்டை வீட்டாரின் சுவருக்கும் தொல்லை நேரலாகாது. அவ்வளவு இடமில்லையேல் நெல்லி, கொய்யா போன்ற சிறு மரங்களே போதும்.

எப்படி நடுவது?

நாற்றுப்பண்ணையில் உயரமான கன்றைத் தேடாதீர்கள். சிறிய பையில் நெடுநாள் வளர்ந்த கன்றின் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். அப்படியே நட்டால், பிற்காலத்தில் மரம் காற்றுக்குத் தாங்காது. பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டி நீக்கிய பின்னரே நட வேண்டும்.

மூன்றடிக் குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நடுவது நலம். சோப்புக் கலவாத ஒளுத் தண்ணீரை வீணாக்காது கன்றுக்குப் பாய்ச்சலாம். கன்று வளர வளர, தண்டை விட்டுச் சற்றுத் தள்ளி வட்டமாகப் பாய்ச்சினால் வேர் அகலப் பரவும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசுவது வேரை மூச்சுத் திணறச் செய்யும்.

நட்டவர் சில ஆண்டுகள் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும். ஆனால், இடமறிந்து நட்ட வேம்பு பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் தரும்.