மழையில் இளைக்கும் தேனீப் பெட்டி... வயிற்று நோயைக் கவனியுங்கள்!

பெட்டியில் இராணி இருக்கிறது. முட்டையும் புழுவும் இருக்கின்றன. எறும்போ, மெழுகுப்பூச்சியோ இல்லை. ஆனாலும் தேனீக்கள் நாளுக்கு நாள் குறைகின்றன. ஓமலூர் வட்டாரத் தென்னந்தோப்புகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி நடந்தால், 'நோசிமா' என்ற வயிற்று நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

எப்படிப் பரவுகிறது?

நோசிமா, கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி. இதன் வித்துகள் தீவனம், தண்ணீர் வழியே வளர்ந்த தேனீயின் குடலுக்குள் சென்று பெருகுகின்றன. எச்சத்தில் வெளியேறி அடையில் ஒட்டுகின்றன. அடையைச் சுத்தம் செய்யும் இளம் தேனீக்களுக்கும் தொற்றிக்கொள்கின்றன. நோயுற்ற தேனீ, தீவனம் சரியாகச் செரிக்காமல் ஆயுள் முடியும் முன்பே இறந்துவிடும்.

தென்னிந்தியாவில் 1991-92-ல் அடுக்குத் தேனீக்களைப் பெருமளவு அழித்த தாய்லாந்து நச்சுயிரி நோய் வேறு. அது புழுக்களைத் தாக்கும். பூச்சிமருந்து பட்டால் தேனீக்கள் பெட்டி முன் குவியலாகச் சாகும். நோசிமாவில் கூட்டம் மெல்ல மெல்லத்தான் இளைக்கும்.

ஊருக்கு ஊர் வேறுபாடு

இதில் இரு வகைகள் முக்கியமானவை. 'நோசிமா ஏபிஸ்' குளிர் நாடுகளில் அதிகம். பனிக்காலம் முழுக்கத் தேனீக்கள் கூட்டுக்குள் அடைந்து கிடப்பதால், வசந்தத்தில் நோய் உச்சம் தொடும். பெட்டியில் எச்சக் கறை தெரியும். 'நோசிமா செரானே' 1996-ல் சீனாவில், ஆசிய அடுக்குத் தேனீயில் கண்டறியப்பட்டது. 2006-ல் ஸ்பெயினில் இத்தாலியத் தேனீ இனத்திலும் பதிவானது. இது வெப்பத்தைத் தாங்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் வரலாம். பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. ஆகவே, கறை இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நம் பகுதியில் எப்போது கவனம்?

வடகிழக்குப் பருவமழையில் தேனீக்கள் வெளியே போக முடியாமல் அடைபடும்; மகரந்த வரத்தும் குறையும். அடிப்பலகையில் ஈரம் தேங்கும். இவை மூன்றும் சேர்ந்தால் நோய் தாக்க வாய்ப்பு அதிகம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் பெட்டி கொண்டு போய்த் திரும்புவோரும், இறக்கியதும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

• மழைக்கு முன்பே பெட்டியை மேட்டுப்பாங்கான, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். வாசல் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும்.

• கறுத்துப்போன பழைய அடைகளை எடுத்து உருக்கிவிடுங்கள். இளைத்த பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

• பூ இல்லாத நாட்களில் சர்க்கரைப் பாகை மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். திறந்தவெளியில் பொதுவாக வைத்தால் நோய் பரவும்.

• சுத்தமான குடிநீர் அருகில் இருக்கட்டும்.

• வாசலில் வந்திறங்கும் வயதான தேனீக்களில் 30 முதல் 60 வரை பிடித்து, ஆல்கஹால் ஊற்றிய புட்டியில் போடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோய் உறுதியாகும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ இதற்கு வழி கேட்கலாம்.

பாகில் டெட்ராசைக்ளின் கலந்து வைப்பதால் பயனில்லை. அது பாக்டீரியாவுக்கான மருந்து, நோசிமாவைக் கட்டுப்படுத்தாது. அதன் எச்சம் தேனில் தங்கினால், விற்பனையும் கெடும். மழைக்கு முன் அடையை மாற்றி, பெட்டியை உலர்வாக வைத்து, தீவனம் குறையாமல் பார்த்துக்கொண்டால், வேம்பும் புங்கனும் பூக்கும் பருவத்தில் கூட்டம் பலத்தோடு இருக்கும்.