வீட்டுக்கு ஒரு காவலன், ஆளுக்கு ஒரு காவலன்

மழைக்கால மின் பாதுகாப்பு

வடகிழக்குப் பருவமழை நவம்பர் மாதத்தில் தொடங்கி மார்ச் மாதம் வரை நீடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய பகுதிகளில் அது மிகக் கடுமையாகப் பெய்யும். மரப்பட்டை நனைந்திருக்கும் நாளில் பால்வெட்டு இல்லை என்பதைத் தோட்ட மக்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. அந்நாள்களில் குடும்பத்தினர் அனைவரும் வீட்டிலேயே இருப்பர். விளக்குப் பகலிலும் எரியும். தேநீருக்கு நீர் கொதிக்கும். உலராத பள்ளிச் சீருடையின் மீது இஸ்திரிப் பெட்டி ஓடும். கூரை ஒழுகும் இடங்களில் சுவரும் ஈரமாகும்.

இக்காலத்தில் நாம் வீட்டில் மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்துகிறோம். நீரும் மின்சாரமும் நெருங்கி வருவதும் இக்காலத்திலேதான். ஆகவே, நம்மைக் காக்கும் இரு காவலர்களைப் பற்றி இம்மாதம் அறிந்து கொள்வோம். ஒருவன் வீட்டைக் காப்பவன். மற்றவன் ஆளைக் காப்பவன்.

வீட்டைக் காக்கும் பியூஸ்

தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது பெரியவர் ஒருவர், தம் வீட்டில் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்ததாகவும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி அத்தொல்லையைத் தீர்த்துவிட்டதாகவும் பெருமையுடன் கூறினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அதன் அடிப்பகுதி கருகிப் பழுப்பேறியிருந்தது. அதற்குப் பின்னே இருந்ததோ பல்லாண்டு வெயிலில் உலர்ந்த பலகைச் சுவர்! பெரியவர் தொல்லையைத் தீர்க்கவில்லை, காவலனைத்தான் வெளியேற்றியிருந்தார்.

பியூஸ் என்பது, அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடும்போது தானே உருகி மின்னோட்டத்தை அறுத்துவிடும் மெல்லிய கம்பியாகும். அது உருகாவிடில், சுவருக்குள் செல்லும் மின்கம்பி சூடேறும், அதன் உறை இளகும், பின்னர்த் தீப்பற்றும்.

கணக்கைப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். மூன்று முள் பிளக் ஒன்று தாங்கக்கூடிய அளவு 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட். மின்கெண்டிக்கு 2,000 வாட், இஸ்திரிப் பெட்டிக்கு 1,200 வாட், சோற்றுப் பானைக்கு 650 வாட் என வைத்துக்கொள்வோம். இம்மூன்றையும் நீட்டுக் கம்பி ஒன்றில் செருகி ஒரே நேரத்தில் இயக்கினால் 3,850 வாட் ஆகிறது. ஒருவர் சுமக்க வேண்டிய சுமைக்கு மேல், கால் பங்குக்கும் அதிகமாக அவர் தலையில் ஏற்றுகிறோம்.

இத்தகைய மிகைச்சுமையில் பியூஸ் உடனே உருகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் பிளக் சுடத் தொடங்கிவிடும். ஆதலால், சூடேற்றும் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதே முறை. பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், சுவிட்சை அடைத்துவிட வேண்டும். போன பியூசுக்குப் பதிலாக அதே அளவுள்ள பியூசையே போட வேண்டும். மழைநாளில் கையில் காசு குறைவுதான். எனினும் சில காசு பெறும் பியூசுக்காக வீட்டையே ஈடு வைக்கலாமா?

ஆளைக் காக்கும் கருவி

பியூஸ் வீட்டைக் காக்கும். ஆனால் மனிதரைக் காக்காது. இது பலரும் அறியாத உண்மை. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் நெஞ்சின் வழியே பாய்ந்தாலே உயிர் போய்விடலாம். 13 ஆம்பியர் பியூசுக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஈரக் கையும் ஈரத் தரையும் மின்சாரத்திற்கு எளிதில் வழிவிடும் என்பதால், மழைக்காலத்தில் இந்த அபாயம் பெருகுகிறது.

இங்கேதான் இரண்டாவது காவலன் வருகிறான். மின்பெட்டியில், ஆங்கில ‘டி’ எழுத்துப் பொறித்த சிறு பொத்தானுடன் காணப்படும் மின்கசிவுத் துண்டிப்பானே அவன். ஆர்.சி.சி.பி. என்று வயர்மேன்கள் குறிப்பிடுவது இதனையே. காலையில் எத்தனை வாளிகள் வெளியே சென்றனவோ அத்தனையும் மாலையில் திரும்பினவா என்று எண்ணிப் பார்க்கும் காவல்காரரைப் போன்றது அதன் வேலை. ஒரு கம்பி வழியே சென்ற மின்சாரம் மற்றொரு கம்பி வழியே முழுமையாகத் திரும்புகிறதா என்று அது ஓயாமல் கவனிக்கிறது. ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்திற்குக் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். இஸ்திரிப் பெட்டி போன்று கையில் பிடித்து இயக்கும் பொருள்களுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும். தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கருவி வேண்டும்.

மழைக்காலத்தில் இக்கருவி அடிக்கடி விழுவதுண்டு. உடனே சிலர் அதனைக் கட்டிவைக்கின்றனர். சிலர் அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைக்கின்றனர். இவ்வாறு செய்யவே கூடாது. செய்ய வேண்டியது இதுதான்: எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். உலர்ந்த கையால் கருவியை மேலே தள்ளுங்கள். பின்னர்ப் பொருள்களை ஒவ்வொன்றாகச் செருகி இயக்குங்கள். எந்தப் பொருளை இயக்கும்போது கருவி விழுகிறதோ அதுவே பழுதான பொருள், அதை ஒதுக்கிவிடுங்கள். எதையும் செருகாத போதே விழுந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கலாம். அப்போது கருவியை அப்படியே விட்டுவிட்டு, தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, உரிமம் பெற்ற வயர்மேனை வரவழைக்க வேண்டும். தோட்ட வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை 1990 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் முதலாளிக்கு விதித்துள்ளது. ஆகவே, ஒழுகும் கூரையையும் நனையும் மின்பெட்டியையும் பற்றி முறையிடத் தயங்க வேண்டியதில்லை.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை அடையுங்கள். அது இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். மின்பொருளில் தீப்பற்றினால் நீர் ஊற்றாதீர்கள், மின்சாரத்தைத் துண்டியுங்கள். வெள்ளம் வரும் என்று அறிந்தால், நீர் வாசலைத் தொடுமுன்பே பிரதான சுவிட்சை அடைத்துவிடுங்கள். நீரில் நின்றுகொண்டு மின்பெட்டியைத் தொடாதீர்கள். மின்சாரம் தடைப்பட்ட இரவில் மெழுகுவர்த்தியைத் திரைச்சீலைக்கும் கொசுவலைக்கும் அருகில் வைக்காதீர்கள். தீ பெருகினால் பொருள்களை மறந்து, பிள்ளைகளையும் முதியோரையும் வெளியேற்றி, 999 என்ற எண்ணை அழையுங்கள்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் மின்பெட்டியின் அருகே சென்று, ‘டி’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால், காவலன் விழித்திருக்கிறான். நிற்காவிட்டால், அவன் உறங்குகிறான். மறுநாளே அலுவலகத்தில் தெரிவியுங்கள். பொத்தானே இல்லாத பெட்டியாயின், அதனையும் தெரிவியுங்கள். மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்ய வேண்டும். அதற்குச் செலவில்லை, ஒரு நிமிடமே போதும்.