உப்புக்காற்றில் ஓடும் மொபெட்: தளர்ந்த செயினைச் சரிசெய்வது எப்படி?

பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையிலான கடலோரச் சிற்றூர்களில், பால் கேன், மணிலா மூட்டை, உரம், பசுந்தீவனம் யாவும் மொபெட்டில்தான் பயணம் செய்கின்றன. ஓசூரிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள் தொட்டே இவ்வகை வண்டி சிறு விவசாயியின் துணை. பயிரைப் பற்றி எழுதுகிறவனுக்கு செயினில் என்ன வேலை என்று கேட்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமையோடு போகையில் செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் விளைச்சல் மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும்.

செயின் தளர்வதை 'இரும்பு நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் தேய்வது ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷுமே. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கிறது. மணலோ எண்ணெயோடு கலந்து அரைக்கும் விழுதாகிறது. எனவே மேலே கிரீசை அப்புவது நன்மையன்று. அது மணலைப் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் 90 எண் ஆயிலைக் கண்ணிகளுக்கிடையே சொட்டுச் சொட்டாக விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. விரல் இழக்க ஒரு நொடி போதும்.

இறுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே மிகவும் இறுகியிருக்கும் இடத்தில் நிறுத்தி, கீழ்ச்செயினின் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பொதுவாக 2 முதல் 2.5 செ.மீ. ஆட்டம் இருக்கலாம், உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்க. அதிக ஆட்டமானால் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டர்களையும் சிறிது சிறிதாக, ஒரே அளவு திருப்புங்கள். இரு பக்கக் கோடுகளும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிடில் சக்கரம் கோணும்.

'இன்னும் கொஞ்சம் முறுக்கு' என்பது நம்மவர் பழக்கம். மூட்டை ஏறினால் வண்டியின் பின்பகுதி அமுங்கும். அப்போது இறுகிய செயின் மேலும் விறைத்து, பேரிங்கையும் பற்சக்கரத்தையும் தின்றுவிடும்.

அரை அங்குலச் செயினில் 21 ஆணிகளை எண்ணி, முதல் ஆணியின் நடுவிலிருந்து கடைசி ஆணியின் நடுவரை அளந்தால் புதிதில் 254 மி.மீ. இருக்கும். 259 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் இறுக்கிப் பயனில்லை. செயினோடு இரு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பற்கள் புதுச் செயினை விரைவில் கெடுத்துவிடும். மாற்றும்போது செயின் லாக்கின் பிளந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் நோக்க வேண்டும்.

சக்கரம் பின்னே நகர்ந்ததால், கம்பியில் இயங்கும் பின் பிரேக் இறுகிப்போயிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். சுமையின்றிச் சிறிது தூரம் ஓட்டி, அச்சு நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்த பிறகு மூட்டையை ஏற்றலாம்.