கோப்புக்குள் குடியிருக்கும் பாகுபாடு

1973 ஜனவரி 1க்கு முன்பே பிரிட்டனில் குடியேறியிருந்த காமன்வெல்த் நாட்டவர்கள் அங்கேயே தொடர்ந்து வாழலாம் என்று 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் உரிமை கொடுத்தது. உரிமையைக் கொடுத்த அரசு அதற்கு ஒரு சான்றிதழைக் கொடுக்கவில்லை. உரிமை பெற்றவர்கள் யார் யார் என்று ஒரு பதிவேடும் வைத்துக்கொள்ளவில்லை. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் என்று கரீபியன் தீவுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் லண்டன் பேருந்துகளை ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தார்கள், வரி கட்டினார்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கப்பட்டுக் குழந்தையாக வந்தவர்கள் அந்த நாட்டிலேயே தாத்தா பாட்டி ஆனார்கள். இதற்கிடையே, 2012இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே, சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்கு நாட்டை வாழத் தகாததாக ஆக்கும் 'பகைச் சூழல்' கொள்கையை அறிவித்தார். 2014, 2016 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் அதற்குப் பல் கொடுத்தன. வீட்டு உரிமையாளரும் முதலாளியும் வங்கியும் மருத்துவமனையும் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகமும் காகிதத்தைக் காட்டு என்று கேட்கலாயின. காகிதம் இல்லாதவர்கள், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்கள் வந்து இறங்கிய நாளைக் காட்டியிருக்கக்கூடிய பழைய தரையிறங்கல் சீட்டுகளை உள்துறை அமைச்சகம் 2010இலேயே அழித்துவிட்டிருந்தது. வேலை போனது, வீடு போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது. 1973க்கு முன்பே வந்திருக்கக்கூடிய 83 பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டிருந்ததை அமைச்சகத்தின் சொந்த ஆய்வே பின்னர் கண்டறிந்தது.

இந்த விதிகளில் ஒன்றில்கூட நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் ஆவணம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அடி விழுந்தது பெரும்பாலும் கறுப்பினத்தவர்மேல். அரசு நிறுவனங்களில் இனப்பாகுபாடு என்று பேசும்போது நாம் தேட வேண்டிய இடம் இதுதான் என்பது என் வாதம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் வெறுப்பு இருக்கிறதா என்று துருவுவதைவிட, அவர் கையில் இருக்கும் விதி யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, யாருடைய வாழ்க்கையை மறந்து எழுதப்பட்டது என்று கேட்பதே பயன் தரும். பிரிட்டன் இதைத் தெரிந்துகொண்டது ஒரு கொலைக்குப் பிறகு. 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனின் எல்தமில், பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது கறுப்பின மாணவர் ஸ்டீபன் லாரன்ஸ் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறை விசாரணையைக் கோட்டைவிட்டது. பெற்றோரின் ஓயாத போராட்டத்தால் அமைக்கப்பட்ட விசாரணையின் முடிவில், 1999இல் அதை நடத்திய சர் வில்லியம் மெக்பெர்சன் 'நிறுவன இனவாதம்' என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் கொடுத்தார். நிறம், பண்பாடு, இனப் பின்னணி காரணமாக மக்களுக்குத் தகுந்த சேவை அளிப்பதில் ஒரு நிறுவனம் கூட்டாகத் தோற்பது அது. அறியாமையாலும் யோசனையின்மையாலும் தன்னையறியாத தப்பெண்ணத்தாலும்கூட அது நேரலாம் என்றார். அந்தக் கப்பலின் பெயரால் விண்ட்ரஷ் விவகாரம் எனப்பட்ட இந்த அநீதியை ஆராய்ந்து 2020 மார்ச்சில் அறிக்கை தந்த வெண்டி வில்லியம்ஸ், இன விஷயத்திலும் விண்ட்ரஷ் தலைமுறையின் வரலாற்றிலும் அமைச்சகம் காட்டிய அறியாமை அந்த வரையறையின் சில கூறுகளோடு ஒத்துப்போவதாக எழுதினார். நடந்தது முன்கூட்டியே கணிக்கக்கூடியது, தவிர்த்திருக்கக்கூடியது என்றும் சொன்னார்.

'நிறுவன இனவாதம்' என்ற சொல்லே நேர்மையான ஊழியர்களை அவமதிக்கிறது என்று ஒரு மறுப்பு உண்டு. 2023 மார்ச்சில் லண்டன் பெருநகரக் காவல்துறையை ஆராய்ந்த பரோனஸ் கேசி, அது நிறுவன அளவில் இனவாதம் கொண்டது என்று கண்டறிந்தபோது, அதன் ஆணையர் மார்க் ரௌலி கண்டறிதல்களை ஏற்றுக்கொண்டார், அந்தச் சொல்லை மட்டும் ஏற்கவில்லை. அது பலவிதமாகப் பொருள் கொள்ளப்படுகிறது, அரசியலாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிறுவனத்தைச் சுட்டுவதுதான் உண்மையில் தனி ஊழியருக்குச் செய்யும் நியாயம். சில அதிகாரிகளின் குற்றம் என்று சொல்லி அவர்களை வெளியேற்றிவிட்டால், விதி அப்படியே இருக்கும். நாளை அதே நாற்காலியில் எவ்வளவு நல்லவர் வந்து உட்கார்ந்தாலும் அதே முடிவைத்தான் எழுதுவார். 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பினத்தவர், வெள்ளையரைவிடச் சுமார் 4 மடங்கு விகிதத்தில் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டார்கள். நாடு முழுக்கத் தெரியும் இந்த இடைவெளியை ஓரிரு கெட்ட மனிதர்களின் கணக்கில் எழுதிவிட முடியாது.

எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதானே நியாயம் என்ற கேள்வி இன்னும் கனமானது. நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி 2017இல் நீதித்துறையைப் பற்றித் தந்த அறிக்கையில் இதற்கு அருமையான ஒரு விடை இருக்கிறது. இங்கிலாந்து நீதிமன்றத்தில் குற்றத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். எல்லோருக்கும் பொதுவான சலுகைதான். ஆனால் காவல்துறைமீதும், அரசு தரும் வழக்கறிஞர்மீதும் நம்பிக்கை இல்லாத சிறுபான்மையினர் ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்துகிறார்கள். தோற்றால், அதே குற்றத்துக்கு அதிக காலம் சிறையில் இருக்கிறார்கள். விதி சமம், விளைவு சமமில்லை. சமநீதி என்ற சொல் வேண்டியிருப்பது இந்த இடைவெளிக்காகத்தான். யாருக்கும் தள்ளுபடி கொடுக்கும்படி அது கேட்கவில்லை. விதி யாரிடம் போய்ச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று பார்க்கச் சொல்கிறது. அதே அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜூரிகளின் லட்சக்கணக்கான தீர்ப்புகளை ஆராய்ந்தபோது, பொதுவாக இனத்தின் அடிப்படையில் பாரபட்சம் தென்படவில்லை. 12 பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முன் மற்றவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் இடத்தில் தப்பெண்ணம் வெளிப்பட்டுவிடுகிறது என்று லாமி விளக்கினார். இன ரீதியான வேறுபாட்டுக்கு ஓர் அமைப்பு காரணம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வைத்த கொள்கை.

இன்றைய ஏற்றத்தாழ்வுகளுக்கு இனவாதத்தைவிடக் குடும்பம், வசிப்பிடம், பொருளாதாரம் போன்றவையே பெரிய காரணம் என்று 2021இல் டோனி செவெல் தலைமையிலான ஆணையம் வாதிட்டது. பள்ளிப் படிப்பு போன்ற துறைகளில் அதில் உண்மை இருக்கலாம். கறுப்பின மாணவர்களுக்குள்ளேயே ஆப்பிரிக்கப் பின்னணி, கரீபியன் பின்னணி என்று பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆனால் விண்ட்ரஷ் தலைமுறையின் ஆவணமின்மையை எந்தக் குடும்பப் பின்னணியும் உண்டாக்கவில்லை, அரசுதான் உண்டாக்கியது. தவிரவும், எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லவே இனவாரியான புள்ளிவிவரம் வேண்டும். எண்ணிப் பார்க்காத அரசு எந்தத் தரப்புக்கும் பதில் சொல்ல முடியாது.

மிஞ்சுவது, இப்படி எண்ணிப் பார்ப்பதெல்லாம் வெறும் படிவம் நிரப்பும் வேலை என்ற குற்றச்சாட்டு. மெக்பெர்சன் அறிக்கையின் விளைவாக 2000இல் திருத்தப்பட்ட சட்டம், பாகுபாட்டை நீக்குவதை அரசு அமைப்புகளின் கடமையாகவே ஆக்கியது. 2010இன் சமத்துவச் சட்டம் அதை விரிவாக்கியது. ஒரு கொள்கையை வகுக்கும்போதே அது யாரை எப்படிப் பாதிக்கும் என்று முறையாக எண்ணிப் பார்த்தாக வேண்டும். அப்படியிருந்தும் விண்ட்ரஷ் நடந்ததே என்றால், நடந்ததற்குக் காரணம் படிவம் நிரப்பியது அல்ல. அந்தக் கடமையை உள்துறை அமைச்சகம் நிறைவேற்றவில்லை என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 நவம்பரில் முடிவு சொன்னது. எச்சரிக்கைகள் வந்தபோது அவை ஒதுக்கப்பட்டன. வில்லியம்ஸ் தந்த 30 பரிந்துரைகளையும் ஏற்பதாக அரசு சொன்னது. 2023 ஜனவரியில் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் அவற்றில் மூன்றைக் கைவிட்டார். புலம்பெயர்ந்தோருக்காகப் பேச ஓர் ஆணையரை நியமிப்பதும், எல்லை மற்றும் குடிவரவுத் துறையின் தலைமை ஆய்வாளருக்குக் கூடுதல் அதிகாரம் தருவதும் அந்த மூன்றில் இரண்டு. பாதிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் போனார். அந்த இரண்டையும் கைவிட்டது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்த முடிவை எடுத்தபோது அமைச்சர் மீறிய சட்டங்களில் ஒன்று, காகித வேலை என்று ஏளனம் செய்யப்படும் அதே சமத்துவக் கடமை.