15,349 கி.மீ... 18 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே! உலகின் மிக நீண்ட விமானப் பயணம்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால், அடுத்து இறங்குவது நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்தில்தான். நடுவில் எங்கும் நிற்காது. தூரம் சுமார் 15,349 கி.மீ. பயணிகள் விமான சேவைகளில் உலகிலேயே நீளமானது இதுதான்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வகுத்துப் பார்த்தால் 17 மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், பயண நேரம் 18 மணி நேரத்தைத் தாண்டுகிறது. காரணம், 15,349 கி.மீ என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறைந்த தூரம். அந்த நூல் கிட்டத்தட்ட வட துருவத்தைத் தொட்டுக்கொண்டு போகும்!

விமானமோ பெரும்பாலும் அந்த வழியில் செல்வதில்லை. பசிபிக் பெருங்கடல் வழியே சுற்றிச் செல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று, சில நாள்களில் மணிக்கு 200 கி.மீ வேகத்தைத் தாண்டும். அது பின்னாலிருந்து தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியே கிழக்கு நோக்கியே வருகிறது. அதாவது, போய் வந்தால் உலகையே ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது!

ஒருமுறை நின்றுபோன சேவை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே நியூயார்க் அருகிலுள்ள நெவார்க்குக்கு நேரடி சேவையைத் தொடங்கியது. நான்கு இன்ஜின்கள் கொண்ட ஏ340-500 விமானம் எரிபொருளைக் குடித்துத் தீர்க்க, 2013-ல் சேவை நின்றது. இரண்டே இன்ஜின்கள் கொண்ட ஏ350-900 யூ.எல்.ஆர் வந்த பிறகு, 2018-ல் மீண்டும் தொடங்கியது. 2020-ல் கென்னடி விமான நிலையத்துக்கும் பறக்க ஆரம்பித்தது. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும் இந்த விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எடை கூடினால் இவ்வளவு தூரம் தாங்காது. பைலட்டுகள் நான்கு பேர், முறை வைத்து ஓட்டுகிறார்கள்.

உடம்பு தாங்குமா?

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே கால் நரம்புகளில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்கிறது மருத்துவம். எனவே அவ்வப்போது எழுந்து நடப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, போதிய தண்ணீர் குடிப்பது அவசியம். பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெரியவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. மாத்திரைகளை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம்... நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிட 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது. இரவு 11.30-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தாலும், அங்கே இறங்கும்போது மறுநாள் விடியற்காலைதான். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடலாம். தூக்கம் வழிக்கு வரத்தான் சில நாள்கள் ஆகும். அதனால், இறங்கிய அன்றே முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்!