பெட்டி சுருங்கும், தூசி சுருங்காது

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்த ரயில் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். மாதிரி ரயில் ஆர்வலர்கள் பெரிதும் விரும்பும் ‘எச்.ஓ.’ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக, அது 24.5 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன்மேல் விழும் தூசி சுருங்குவதில்லை. 3 மில்லிமீட்டர் பஞ்சிழை ஒன்று, அந்தப் பெட்டியின் கணக்கில் 26 சென்டிமீட்டர் கயிறு! அதன்மேல் வார்னிஷ் அடித்தால் அப்படியே பதிந்துவிடும்.

ராஜபாளையம், வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பஞ்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சு எப்படிப் பறந்து ஒட்டும் என்பது மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மில்லுக்குள் காற்றை ஈரப்பதமாக வைத்திருப்பதன் காரணங்களில் ஒன்று, உராய்வால் உண்டாகும் நிலைமின்சாரத்தைக் குறைப்பது. மாதிரிப் பெட்டிக்கும் அதே அறிவியல்தான். பெரும்பாலான பெட்டிகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மின்னூட்டம் ஏறி, துடைத்த இடமே தூசியை மறுபடி இழுக்கும். கைப்பிடிக் கம்பியும் முறிந்துபோகும்.

ஆகவே முதலில் சக்கரச் சட்டங்களைக் கழற்றிவிடுங்கள். முகப்பூச்சுக்கு உதவும் மென்மையான புதுத் தூரிகையால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுங்கள். கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதி இடுக்குகளுக்குப் போதும். கம்பிரஸர் காற்றின் வேகத்தில் சிறு பாகங்கள் பிய்ந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தூரிகையால் தடவிக் கழுவலாம். மோட்டாரோ விளக்கோ உள்ள பெட்டியை நனைக்கவே கூடாது. உப்புநீர் காய்ந்தால் வெண்கறை விழும் என்பதால் கடைசி அலசலுக்குப் பேட்டரித் தண்ணீர் நல்லது. தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் வேண்டாம்; நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்.

கழுவிய பெட்டியை மூடியுள்ள டப்பாவுக்குள் காயவையுங்கள். பிறகு வெறும் விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. மழைநாளில் வார்னிஷ் அடித்தால் ஈரம் சிக்கி வெளுத்துப்போகும். வெயில் நாளாகப் பார்த்து, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நம்பி அவசரப்படாதீர்கள். வார்னிஷுக்கு அடியில் மாட்டிய தூசியை எடுக்க, வார்னிஷையே தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.