கேமில் ஓடும் நம்ம ஊர் பஸ்... உழைப்பைத் தொலைக்காமல் இருக்க 5 பழக்கங்கள்!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழநி, நத்தம், வத்தலகுண்டு பஸ்களைச் சுற்றிச் சுற்றி ஒரு பையன் போட்டோ எடுத்தால் ஆச்சர்யப்பட வேண்டாம். அந்த பஸ் சீக்கிரமே அவன் மொபைலிலும் ஓடலாம்!

இந்தோனேஷியாவின் மலியோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட மொபைல் கேம், ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா’. இதில் பஸ்ஸின் பெயின்டிங்கை நாமே வடிவமைக்கலாம். அதற்கு ‘லிவரி’ என்று பெயர். புதிய வண்டியையே உருவாக்கிச் சேர்த்தால் அது ‘மாட்’. அப்படித்தான் தமிழ்நாட்டு அரசு பஸ்களும் தனியார் பஸ்களும் அந்த கேமின் சாலைக்கு வந்தன.

‘எந்நேரமும் கேம்தானா?’ என்று அம்மாக்கள் கேட்கலாம். ஆனால், ஒரு மாட் முடிய வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. பெரிய நிறுவனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் தவறாகக் கொடுத்த ஒரே கட்டளையால் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்தன. பேக்கப்பும் கைவிட்டது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்த ஊழியர் ஒருவரின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

அந்த நிலை வராமலிருக்க...

1. ஒரு வண்டி, ஒரு ஃபோல்டர்: அதற்குள் போட்டோ, மாடல், பெயின்டிங், ரிலீஸ் என நான்கு பிரிவுகள். டவுன்லோடு ஃபோல்டரில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம்.

2. ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்காதீர்கள்: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து எது கடைசி என்றே தெரியாது. ‘பழநி பஸ் 01’, ‘02’ என எண் கொடுங்கள். பழையதன் மேலேயே சேவ் செய்யாதீர்கள்.

3. லேயர்களைக் கலைக்காதீர்கள்: கேமுக்குப் போகும் பி.என்.ஜி படத்தில் எல்லா லேயர்களும் ஒன்றாகிவிடும். அதன்பின் ‘பழநி’ போர்டை ‘நத்தம்’ ஆக்குவது சிரமம். பெயர்ப்பலகை, ஸ்டிக்கர், கலர் எல்லாம் தனித்தனி லேயராக உள்ள மூல ஃபைலையும் வைத்திருங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: சக்கரத்தை மாற்றினால் உடனே கேமில் ஓட்டிப் பாருங்கள். ஐந்தை மாற்றிவிட்டுப் பார்த்தால், கோளாறு எதனால் என்று பிடிபடாது. ‘செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது’ என மூன்று கட்டம் போட்டுக் குறித்து வையுங்கள். ட்ரெல்லோ செயலி இருந்தால் நல்லது. 40 பக்க நோட்டும் போதும்.

5. யாருடையது என்று எழுதுங்கள்: அடிப்படை மாடல் யாருடையது, அனுமதி கிடைத்ததா என்பதை முதல் நாளே குறித்து வையுங்கள். நண்பர்கள் கூட்டாகச் செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். வெளியிடும்போது அவர்கள் பெயரையும் போடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், நகல். போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுள் டிரைவில் 15 ஜி.பி வரை இலவசம்தான். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு திண்டுக்கல்லுடையது. பூட்டு வாங்கியதும் இரண்டாவது சாவியை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம். பஸ் கேமுக்கும் அதேதான்!